மொபெட் மீட்டரை நம்பி ஓடினேன்

சென்னை மாரத்தானுக்காக ஆறு மாதம் ஜேடர்பாளையம் வாய்க்கால் சாலையில் ஓடிப் பழகினேன். என் வீட்டுக்காரர் பழைய மொபெட்டில் கூடவே வந்து, மீட்டரைப் பார்த்துத் தூரம் சொல்வார். அவர் கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம்தான் ஆனது. கடைசி மாதம் முப்பத்திரண்டு கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட்டேன். எனக்கே சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, மீட்டர் சரியாத்தான் ஓடுதுங்களா?"

"பத்து வருசமா ஓடுது. உனக்குன்னு பொய் சொல்லுமா?"

சென்னையில் அதே ஆறு நிமிட வேகத்துக்கென்று கொடி பிடித்து ஓடியவரின் பின்னால் சேர்ந்துகொண்டேன். பதினைந்தாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது, முட்டியும் வலித்தது. முப்பத்திரண்டு ஓடியவள் இதற்கா நிற்பது என்று வீம்பாக ஓடினேன். இருபத்து மூன்றில் வலது முட்டி மடங்கி விழுந்தேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், இனி ஓட்டமே கூடாது என்றுவிட்டார்.

ஊர் திரும்பியதும் இவர் மெயின் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை மொபெட்டை ஓட்டிப் பார்த்தார். மீட்டர் ஒன்றே கால் காட்டியது. நான் ஓடிய முப்பத்திரண்டு, உண்மையில் இருபத்தைந்து சொச்சம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றது, உண்மையில் ஏழரை.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி" என்றார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

இப்போதெல்லாம் கல்லோடு ஒத்துப் பார்க்காமல் எந்த மீட்டரையும் நான் நம்புவதில்லை. ஆனால் அளக்க என்ன இருக்கிறது? தினமும் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை நடக்கிறேன். அங்கே இவர் மொபெட்டோடு நிற்பார். திரும்பி நடக்க முட்டி விடாது.