ஆமைக் காசில் இருந்த மண்

“…நல்லா மினுங்குது பிள்ளை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அதிலை இருந்த மண் எங்கை?”

பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் என் மனைவியிடம் அப்படித்தான் கேட்டார். கேட்டது இங்கிலீசில், என் நினைவில் நிற்பது எங்கள் தமிழில். நாட்டை விட்டு வந்து நோபல் பார்க் புறநகரில் நாங்கள் குடியேறிய புதிது, தொண்ணூறுகளின் தொடக்கம். கண் ஒப்பரேஷனுக்குப் போகும்போது தன் பழைய வெள்ளிக் காசை எங்களிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். “என்ரை பொடியங்கள் கண்டா கடைக்குக் கொண்டுபோய் விலை கேப்பாங்கள்” என்றார்.

காசு என்றால் தட்டையாக இராது. புளியங்கொட்டை போல் தடித்தது. ஒரு பக்கம் கடலாமை, மறுபக்கம் ஆழமான சதுரக் குழி. அவருடைய தீவு ஏஜினா. அந்தக் காலத்தில் அது தனி நகர அரசாம். “ஏதென்ஸ்காரன் காசிலை ஆந்தை போட முதலே நாங்கள் ஆமை போட்டனாங்கள்” என்பார். “பிறகு ஆந்தை பறந்து முந்தியிட்டுதே, அங்கிள்” என்று சீண்டுவேன். “ஆந்தைக்கு நீந்தத் தெரியுமோ?” என்று சிரிப்பார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளிக்கிழமை, மனைவி எங்கள் வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தோடு அந்தக் காசையும் எடுத்தாள். வெள்ளி கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பல் தேய்க்கும் பிரஷால் அந்தக் குழிவரை போய்விட்டாள். “மற்றாக்களின்ரை சாமானை அழுக்காத் திருப்பிக் குடுக்கிறதே?” என்றாள். ஆமை நிலாப்போல வெளுத்தது. எனக்கும் பெருமைதான்.

அவர் திரும்பி வந்து மண் எங்கே என்றதும் இருவரும் விழித்தோம். அப்போதுதான் சொன்னார். பிஸ்தா மரம் நடுவதற்கு நிலத்தில் கிடங்கு வெட்டியபோது தகப்பனின் மண்வெட்டியில் பட்ட காசு அது. இவர் இந்த நாட்டுக்குக் கப்பலேறும்போது கையில் வைத்துவிட்டாராம். சதுரத்துக்குள் இறுகிக் கிடந்த செம்மண்ணை இத்தனை வருடமாக அவர் விரலாலும் தட்டியதில்லை.

“ஒருக்கா ஊருக்குப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்” என்றேன். சண்டையால் என் ஊருக்கு என்னால் போக முடியாத காலம்; போகக்கூடியவரிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“காணி வித்தாச்சு, தகப்பனும் இல்லை. போய் ஆரின்ரை கேற்றிலை நிக்கிறது, தம்பி? எனக்கெண்டு இருந்த காணி அவ்வளவும் அந்தக் குழிக்குள்ளைதான் கிடந்தது.”

மனைவி முன்னுக்கு வந்தாள். “அங்கிள், நான் ஊத்தையெண்டு நினைச்சு…”

“ஊத்தைதான் பிள்ளை. எங்கடை ஊர் ஊத்தை. எதாலை துடைச்சனீ?”

குசினி அடுப்படிக்கு ஓடி, சாம்பலும் கறுப்பும் செம்மண் கறையுமாகக் காய்ந்து கிடந்த பழைய வேட்டித் துண்டை எடுத்துவந்தாள். கட்டுப் போடாத கண்ணருகே பிடித்து அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு காசை நடுவில் வைத்து, உதறாமல் நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.