முன்னறையில் ஆள் இருக்கு

ஒரு காலத்தில் அவளுக்கு மேஸ்திரி வீட்டம்மா என்று பெயர். ஏரியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கி, முன்னறையை அவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு ரூமக்கா ஆகிவிட்டாள். இப்போது புருஷனைத்தான் ரூமக்கா வீட்டுக்காரர் என்கிறார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "ஏதோ ஒரு அட்ரஸ் இருக்குல்ல, போதும்" என்பார்.

தெருவையும் அதற்கப்பால் ஏரியையும் பார்த்த ஜன்னல் முன்னறைக்குத்தான் உண்டு. அதை ஒட்டிய குளியலறையையும், அதற்குள் நாற்காலி மாதிரி உட்காரும் வெஸ்டர்ன் டாய்லெட்டையும் மேஸ்திரியே கட்டினார். கட்டி முடித்த கையோடு குடும்பம் சமையலறைக்கும் அதற்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கும் நகர்ந்தது. சீசனுக்கு மட்டும் என்றுதான் நகர்ந்தார்கள். சீசன்தான் முடியவில்லை.

வருகிறவர்கள் அமைதியைத் தேடி வருகிறார்கள். அமைதி தானாக வராது, யாராவது மெனக்கெட வேண்டும். குக்கர் விசில் கிளம்பும் முன்பே அடுப்பை அணைக்கும் பக்குவம் அவளுக்குக் கைவந்துவிட்டது. தும்மல் வந்தால் மேஸ்திரி சந்துக்கு ஓடுவார். சண்டையும் கிசுகிசுப்பில்தான். பாதியில் "என்ன சொன்னே?" என்று கேட்க வேண்டியிருப்பதால் கோபம் ஆறிப்போகும். வீட்டுக்காரர்கள் முன்வாசலைப் புழங்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அறை விடுகிற எல்லாரும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் சொந்த வீட்டுக்குள் போய்வந்தார்கள்.

தெருமுனை மளிகைக் கடை தொப்பிக் கடையாகிவிட்டதால் வெங்காயம் வாங்கக்கூட பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. தண்ணீர் லாரி லாட்ஜுகளுக்கு ஊற்றியது போக மிச்சம் இருந்தால் தெருவுக்குள் வரும். இதையெல்லாம் யாரிடம் சொல்லி அங்கலாய்ப்பது? மகள் பட்டம் வாங்கியது அந்த அறையால்தான். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

புது லாட்ஜ் ஒன்றில் சுவர் பூசிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்தார். வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. டாக்டர் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தக் காலை ஊன்றக் கூடாது, குந்தி உட்காரவே கூடாது. எலும்பு நகர்ந்தால் ஆபரேஷன்தான். கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்ததோ குந்தி உட்காரும் கக்கூஸ். அதற்கும் படியேற வேண்டும். நாளைக்கு அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முன்னறையில் ஒரு ஜோடி, வாரக் கடைசி வரை.

ஆஸ்பத்திரியில் அவரைத் தன் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன் போட்டாள். ஆப்பில் புக்கிங் பார்ப்பதெல்லாம் அவள்தான், வேலை தேடிப் போன ஊரிலிருந்து.

"கேன்சல் பண்ணா ஸ்டார் குறையும்மா. குறைஞ்சா நம்ம ரூம் அடியில எங்கயாவது போய்க் கெடக்கும்" என்றாள் மகள். "நான் பேசறது எனக்கே நல்லால்ல. நீ போய்ச் சொல்லிடும்மா."

"நீதான் படிச்சவ. நீயே போன்ல பக்குவமா சொல்லேன்."

"போன்ல சொன்னா வேற ரூம் குடும்பாங்க. ஊரே ஃபுல்லு, நான் எங்க போவேன்? மூஞ்சியப் பாத்துச் சொன்னா புரிஞ்சுப்பாங்க."

சேலையைச் சரிசெய்துகொண்டு போய் முன்னறைக் கதவைத் தட்டினாள். தலை துவட்டியபடி ஓர் இளம்பெண் திறந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"டவல் வேணுமாம்மா?"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. டவல் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி போனாள். அந்தப் பெண்ணின் புருஷன் திறந்தான். "வெந்நீர் சூடா வருதா சார்?" என்றாள். வருகிறது என்றான். சாயங்காலம் இன்னொரு தடவை போய் இரண்டு தலையணையைக் கொடுத்துவிட்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வாசலில் நின்று அவள் எதையும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம்.

"என்னாச்சு?" என்றாள் மகள் போனில்.

"தலகாணி குடுத்தேன்."

மகள் சிரித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மறுநாள் காலை ஆட்டோ வாசலில் நின்றது. தம்பி மருந்துப் பையையும் தூக்குவாளியையும் இறக்கிக்கொண்டிருந்தான். அதற்குள் மேஸ்திரி ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் சந்துப் பக்கம் திரும்பிவிட்டார். ஓராள் ஒருக்களித்து நடக்கிற சந்து அது. கோல் இரண்டும் உள்ளே அடங்கவில்லை. முன்வாசலில் காபியோடு நின்ற அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க? அது வீட்டுக்காரங்க போற வழி."

"தெரியும்மா. கொத்தனாரு. பின்னாடி கொஞ்சம் பூச்சு வேல."

"இந்தக் காலோடவா?"

"காலுக்கும் பூச்சுதான் போட்ருக்கு."

சந்தின் மறுமுனையில் அவரை வாங்கிக்கொள்ள நின்ற ரூமக்காவுக்கு அது கேட்டது. கொட்டகைக்கு ஓடவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, முன்னறையை ஒட்டிய நடை வழியே முன்வாசலுக்கு வந்தாள்.

"அவர் எங்க வீட்டுக்காரர்மா. கால் முறிஞ்சிருக்கு. குந்தி உக்காரக் கூடாதாம். உங்க ரூம்லதான் உக்கார்ற மாதிரி இருக்கு."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லத்தான் வந்தேன். மூணு தடவ."

"டவல்தானே குடுத்தீங்க?"

உள்ளிருந்து அவள் புருஷன் வந்தான். நல்ல பையன்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு யோசித்தான். "நாங்க பகல்ல வெளியதான சுத்தப்போறோம். சாவி குடுத்துட்டுப் போறோம், அப்ப யூஸ் பண்ணிக்கட்டும்" என்றான். அவசரமென்றால் எப்போது வேண்டுமானாலும் தட்டச் சொன்னான். ரூமக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான், என்ன வரம் கிடைத்துவிட்டதென்று கும்பிட்டோம் என்று தோன்றியது. அறையைக் காலி செய்யுங்கள் என்று சொல்லத்தான் வெளியே வந்திருந்தாள். இனி அதைக் கிளப்பத் தெம்பில்லை.

கார் கிளம்பியதும் தம்பியும் அவளுமாக மேஸ்திரியை முன்னறைக்குள் கொண்டுபோனார்கள். கட்டில் முழுக்க அந்தப் பெண்ணின் துணிகள். எதன் மேலும் பட்டுவிடாமல் அவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கடந்தார். குளியலறையில் அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். தம்பி மருந்துக் கடைக்குப் போனான். அவள் ஜன்னலோரம் நின்றாள்.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே இருந்ததில் வயிறு கட்டிப்போயிருந்தது அவருக்கு.

"வந்துட்டாங்களா?" என்றார் உள்ளிருந்து.

தெருமுனையில் அதே கார் திரும்பியது. எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

"இன்னும் இல்லங்க. நிதானமா இருங்க."

அவள் போய் முன்னறைக் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.