ஸ்வெட்டருக்குள் நான்கு வளையல்

சித்திரை வெயிலில், மதுரை விமான நிலையத்துக்குள், என் மனைவியை ஸ்வெட்டரோடு நடத்திக் கூட்டிவந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகப் பாதியில் கண்டுபிடித்து, 'இவனா நமக்குப் புத்தி சொல்கிறான்' என்று கேட்பதைவிட இது மேல்.

சாதாரண ஸ்வெட்டரும் இல்லை. கொடைக்கானல் போனபோது பேரம் பேசி வாங்கியது. கழுத்துவரை பட்டன், கத்தரிப்பூ நிறம், தொட்டாலே குத்தும் கம்பளி. திண்டுக்கல்லில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது என்பதால் பீரோவுக்குள் பாச்சா உருண்டையோடு கிடந்தது. மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பியபோது, விமானத்துக்குள் குளிரும் என்று நான்தான் அதை எடுத்துப் பையில் வைத்தேன். அப்போது என் மனதில் எந்தச் சதியும் இல்லை. சதி திரும்பி வரும்போதுதான் உருவானது.

பேத்திக்கு ஞானஸ்நானம். அதற்காகப் பயணம். என் மனைவியின் கைகளில் நான்கு வளையல்கள், கைக்கு இரண்டாக. அகரத்தில் சம்பங்கித் தோட்டம் போட்டிருந்த என் மாமனார் கல்யாணத்தன்று போட்டு அனுப்பியவை. அப்போது அவள் கை ஈர்க்குச்சி. வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடிவிட்டுத் திரும்பி வரும். இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் அவை அங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. ஆட்டலாம், சுழற்றலாம், கழற்ற முடியாது.

அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கழன்ற நகையெல்லாம் என் பம்ப்செட் கடைக்காக ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது. போனது திரும்பும் என்று நான் சொல்வேன். அவளும் நம்புவதுபோல் இருப்பாள். கழலாத ஒரே காரணத்தால் என்னிடமிருந்து தப்பியவை அந்த நான்குதான். தாலியையும் காதில் கிடக்கும் கம்மலையும் விட்டால் அவளுக்கென்று மிச்சமிருந்த தங்கம் அவ்வளவே.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் மருமகன் போன் செய்தார்.

"மாமா, அத்தை கையில வளையல் இருக்குல்ல. ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்ட காட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கிருங்க. இது இங்கருந்து போட்டுட்டுப் போற நகைதான்னு எழுதிக் குடுப்பாங்க. திரும்பி வர்றப்ப யாராவது கேட்டா அதக் காட்டுனாப் போதும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா மாப்ள!" என்றேன்.

தெரியாது.

இருந்தாலும் விமான நிலையத்தில் மனைவியை உட்காரவைத்துவிட்டு கஸ்டம்ஸ் மேஜையைத் தேடிப் போகத்தான் செய்தேன். ஆபீசர் வேறொருவரின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செத்த நேரம் இருங்க சார்" என்றார். செத்த நேரம் சும்மா நிற்க என்னால் ஆகாது. கொஞ்சம் தள்ளி வரியில்லாக் கடை. வாசலிலேயே சென்ட் பாட்டில்களைத் திறந்து, அடித்துப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். இலவசம் என்றால் நமக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. நான்காவதுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும்போது விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஆச்சா?" என்றாள் மனைவி.

"ஆச்சு" என்றேன். மேலெல்லாம் மணந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூரில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பேத்தி தலையில் தண்ணீர் ஊற்றியபோது அழுதாள், எங்களைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதாள். மகள் வீட்டுக் கீழ்த்தளத்து பெஞ்சில் தினமும் எங்கள் மாவட்டத்து நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருவர் வந்து உட்காருவார். அவரும் தன் மகன் வீட்டுக்கு வந்திருந்தவர். ஊர் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர்போல ஆகிவிட்டோம். ஒருநாள் என் மனைவி கையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, அம்மணி கையில கெடக்கறதுக்கு பேப்பர் வெச்சிருக்கீங்களாங்க?"

"இல்லேன்னா?"

"இல்லீன்னா புடிச்சு வெச்சுக்குவாங்க. வரியக் கட்டோணும், இல்லாட்டி அங்கயே உட்டுட்டு வரோணும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் மீன் குழம்பு வைத்த நாள்களில் மட்டும் இறங்கியது. மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மருமகனிடம் கேட்டிருந்தால் பழைய போட்டோவையோ பில்லையோ தேடி எடுத்துத் தந்திருப்பார். 'மாமாவுக்குத் தெரியாதது இல்லை' என்ற பெயரை, அப்படி ஒரு பெயர் எனக்கு இருந்ததாக நானே நினைத்துக்கொண்டிருந்ததால், விட மனமில்லை. அப்போதுதான் பைக்குள் கிடந்த ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. நீளக்கை. மணிக்கட்டையும் தாண்டி இறங்கும். ஆண்டவர்தான் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார் என்றே நினைத்தேன். இப்போது அவரிடம் அதற்காக மன்னிப்பு கேட்டுவிட்டேன்.

விமானத்துக்குள் அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இறங்கியபின்தான் சிக்கல். வரிசையில் எல்லோரும் பாஸ்போர்ட்டால் விசிறிக்கொண்டு நின்றோம்.

"என்னாங்க, வேர்த்து ஊத்துது. இதக் கழட்டுறேன்."

"கழட்டாத."

"ஏன்?"

"வெளிய ஊதக்காத்து அடிக்குதாம்."

"மதுரையிலயா?"

"சொன்னாக் கேளு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், என் மூளையைப் பற்றி வெகுநாளாக இருந்த சந்தேகம் தீர்ந்துபோன நிம்மதி தெரிந்தது.

வரி கட்ட எதுவும் இல்லை என்பவர்கள் போகிற பச்சை வழியில் தள்ளுவண்டியைத் தள்ளினேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் மலைபோல் பெட்டி கட்டிக்கொண்டு போனார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் ஆபீசர் எழுந்து வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அம்மா, ஒடம்புக்கு முடியலையா? இப்படி வேர்க்குது?"

அவ்வளவுதான் கேட்டார். அக்கறையாகக் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். நான் முந்திக்கொண்டேன்.

"காய்ச்சல் மேடம்!"

"காய்ச்சலா? அப்ப மொதல்ல ஹெல்த் கவுண்டருக்குப் போகணும் சார். எத்தன நாளா?"

"காய்ச்சல்னா... பெருசா இல்ல மேடம். சும்மா கதகதன்னு..."

"ஏங்க, யாருக்குங்க காய்ச்சல்?" என்றாள் மனைவி.

பேச்சை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றியது. "பாட்டில் ஒண்ணே ஒண்ணுதான் மேடம். ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் கொண்டு வரலாம்ல, இது ஒரு லிட்டர்தான். மச்சினனுக்கு. பில் இருக்கு" என்றேன். அதை யாருமே கேட்கவில்லை.

ஆபீசர் என்னை விட்டுவிட்டு ஸ்வெட்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் சொல்வதற்கு முன்பே என் மனைவி பட்டனைக் கழற்றிவிட்டாள்.

"இவருதான் போடச் சொன்னாரு மேடம். எதுக்குன்னு எனக்கே தெரியல."

கம்பளிக் கை நழுவியதும் நான்கு வளையலும் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்றன. அவை அவ்வளவு பளபளக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"ஓ, இதுக்குத்தானா!" என்றார் ஆபீசர்.

மனைவி கொஞ்சமும் பதறவில்லை. "இது பழசு மேடம். போறப்பவே ஒங்க ஆபீஸ்ல காட்டி சர்டிபிகேட்டு வாங்கிருக்கு. ஏங்க, அத எடுத்துக் குடுங்க."

சட்டைப் பையில் தேடினேன். பேன்ட் பையில் தேடினேன். சாக்லேட் பையைக்கூடப் பிரித்தேன். இல்லாத ஒன்றைத் தேடுகிறவன் எவ்வளவு நேரம்தான் தேடுவான்?

"வாங்கல" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "எங்கப்பா போட்டது மேடம். என்கிட்ட இதான் இருக்கு" என்றாள்.

ஆபீசர் தணிவாகத்தான் பேசினார். "பழசா, அங்க வாங்குனதான்னு நாங்க பாக்கணும்மா. கழட்டுங்க. எடை போட்டுப் பாத்துருவோம்."

"கழலாதும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. வாங்க, சோப்புப் போட்டுப் பாப்போம்."

இருவரும் கைகழுவும் இடத்துக்குப் போனார்கள். நான் தள்ளுவண்டிக்குக் காவல். வெளியே காரோடு நின்ற மச்சினன் போன் செய்தான்.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன் மச்சான். பாட்டில் வந்துருச்சா?"

"பாட்டில் வந்துருச்சு. ஒங்க அக்காதான் இன்னும் வரல."

திரும்பி வந்தபோது மனைவியின் கை முழுக்க நுரை. ஆபீசரின் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. வளையல் நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இது எப்படித்தான் சார் உள்ள போச்சு?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் ஆபீசர். பிறகு மனைவியின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். வளையல் உட்காருகிற இடத்தில் தோல் பள்ளமாக அழுந்தி, வெயிலே படாமல், சுற்றிலும் வெளுத்துப் போயிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். "போன வாரம் வாங்குனது இப்படிப் பதியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பழைய போட்டோ எதுவும் இருக்காம்மா?"

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்த மகனுக்குப் போன் போட்டேன்.

"சுவத்துல மாட்டிருக்க எங்க கல்யாணப் போட்டோவ எடுத்து உடனே அனுப்புடா."

"எதுக்குப்பா?"

"ஆபீசர் பாக்கணுமாம்."

"கல்யாணம் செல்லாதுன்னு சொல்றாங்களா?"

பையன் யார் பிள்ளை என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. போட்டோ வந்தது. டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு என் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. நல்லதுதான். ஆபீசர் படத்தைப் பெரிதாக்கி வளையலில் ஓடுகிற கொடி வேலைப்பாட்டையும், நேரில் இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பக்கத்துல நிக்கிறது யாரு சார்?"

"நான்தான் மேடம்."

என் தலையை ஒருமுறை பார்த்தார். படத்திலிருந்த தலைமுடியை ஒருமுறை பார்த்தார்.

"வளையல் அப்படியே இருக்கு" என்றார்.

மேலதிகாரி ஒருவரிடம் போய்ப் பேசினார். அவர் வந்து கையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், ஸ்வெட்டரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பழைய நகைதான். போகச் சொல்லுங்க" என்றார்.

அந்த நேரத்தில் என் காதுக்குள் ஏதோ அடைப்பு திறந்ததுபோல, அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. பெட்டி உருளும் சத்தம், யாரோ குழந்தையை அதட்டும் சத்தம். மனைவி அந்த ஸ்வெட்டராலேயே கை நுரையைத் துடைத்தாள். கத்தரிப்பூ நிற ஸ்வெட்டர் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

பெண் ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த தடவ கொஞ்சம் முன்னாடியே வந்து, போறப்பவே எங்ககிட்ட காட்டி சர்டிபிகேட் வாங்கிருங்க. பில் இருந்தா பில்லு, இல்லேன்னா நகைக்கு மதிப்புப் போட்டுத் தர்றவர்கிட்ட ஒரு சீட்டு, கூட ரெண்டு போட்டோ. சந்தேகமா இருந்தா செகப்பு வழில வந்து நீங்களே கேளுங்க. கேட்டா ஒண்ணும் புடிச்சு வைக்க மாட்டோம். பழச ஒளிக்காதீங்க சார். ஒளிச்சாத்தான் புதுசாத் தெரியும்."

வெளியே வந்தோம். அனல் முகத்தில் அறைந்தது. அவ்வளவு சுகமான அனலை நான் அனுபவித்ததில்லை. மச்சினன் முதலில் பாட்டிலை வாங்கிக்கொண்டு, அப்புறம் அக்காவை விசாரித்தான்.

கார் கிளம்பி வாடிப்பட்டி வருவதற்குள் எனக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. ஒரு டீயும் உள்ளே போனதும் மச்சினனுக்குச் சுங்க விதிகளை விளக்கத் தொடங்கினேன். யாராவது பார்சல் கொடுத்து 'அங்க வந்து ஒருத்தர் வாங்கிக்குவாரு' என்றால், கொடுப்பது சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. பெரிய டிவியைத் தூக்கிக்கொண்டு வராதே, அதற்கு வரி உண்டு. வழியில் வேறு விமானம் மாறுகிறாய் என்றால் வரியில்லாக் கடையில் பாட்டிலைப் போட்டு ஒட்டித் தருகிற கவரைப் பிரிக்காதே, பிரித்தால் அடுத்த சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். தங்கத்துக்கு எவ்வளவு சலுகை, யாருக்குச் சலுகை என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். ஆகவே கிளம்பும் முன் சுங்கத் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்.

"இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டா மச்சான் அக்காவுக்கு ஸ்வெட்டரப் போட்டுவிட்டீங்க?" என்றான் அவன்.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். வலதுபக்கம் சிறுமலை கூடவே வந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் மனைவி கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. வளையலோடு வளையல் இடித்து, சின்னதாக ஒரு சத்தம். நிற்கும், மறுபடி கேட்கும். அந்தச் சத்தத்தை இத்தனை வருடம் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அதைக் கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

கோபம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சமாதானத்துக்கு இதுதான் நேரம். பின்னால் திரும்பி, முடிந்தவரை பொறுப்பானவன் குரலில் சொன்னேன்.

"பேத்தி பொறந்த நாளுக்குப் போறப்ப மொத வேலையா அந்தச் சர்டிபிகேட்ட வாங்கிட்டுத்தான் மறுவேல. என்ன சொல்ற?"

"நான் மட்டும் போயிட்டு வாரேன்."