பெட்ரோலில் கலந்த டொலுயின்

1999ஆம் வருஷம், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு என் பழைய பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் என் ஐந்து வயது மகள். என் மனைவிக்குத் தாய்வீட்டில் ஆண் குழந்தை பிறந்து பத்து நாள். தம்பியை முதல்முதலாகப் பார்க்கப் போகிற சந்தோஷம் மகளுக்கு.

அப்போது நான் லாரிப் பட்டறையில் ஸ்பிரே பெயிண்டர். என் வண்டி மேடு ஏறினால் இன்ஜின் டக்டக்கென்று தட்டும். கூட வேலை செய்தவர் ஒரு வழி சொன்னார். பெயிண்டை இளக்க ஊற்றும் தின்னரில் சேருமே டொலுயின், அதை ரேஸ் ஓட்டுகிறவர்கள் பெட்ரோலில் கலப்பார்களாம். பெட்ரோலின் ஆக்டேன் தரம் ஏறி, தட்டல் நின்றுவிடுமாம். "டின் டின்னா நம்மகிட்டயே கீது. நீ இன்னாத்துக்கு மெக்கானிக்கத் தேடிக்கினு இருக்க?" என்று கேலி வேறு. முதல் நாள் சாயங்காலமே ஒரு லிட்டர் ஊற்றிவிட்டேன்.

வண்டி ஓட்டுகிற பிள்ளைகளே, அவர் சொன்னது பொய்யில்லை. தட்டல் நின்றுதான் போனது. விக்கிரவாண்டி தாண்டியதும் லேசான பனி. வண்டி ஓடுவதே தெரியவில்லை. வயல்களும் புளியமரங்களும் தாமாகவே பின்னால் நழுவின. தம்பியிடம் என்னென்ன பேசுவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சு குறைந்து, என் மார்பில் சாய்ந்து கண் சொக்கினாள். எனக்கும் தூக்கத்துக்குள்ளேயே ஓட்டிப் போவது போலச் சுகமாக இருந்தது.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் ரோட்டோரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட்டிருந்தார்கள். எதிரே லாரி வந்ததால் ஓரம் கட்டி, அதன் மேலேயே நின்றேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைத் திட்டத்தான் எழுந்து வந்தார். கிட்டே வந்ததும் முகம் மாறியது.

"யோவ், மொதல்ல கொழந்தய எறக்கு. அடியில ஒழுகிக்கினு இருக்குது பாரு."

நான் குனிவதற்குள் அவரே மகளைத் தூக்கிக்கொண்டு தூரமாய் நடந்துவிட்டார். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பெட்ரோல் இறங்கும் ரப்பர் குழாய் டொலுயினில் ஊறி, வெந்த சேமியா மாதிரி கொழகொழத்துக் கிடந்தது. ஓரம் விண்டு, சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொறி போதும். நாளெல்லாம் தின்னரில் கிடந்த என் மூக்குக்கு எதுவுமே தெரியவில்லை.

உனக்குமா நாற்றம் வரவில்லை என்று மகளைக் கேட்டேன்.

"வந்துச்சுப்பா. உன் வாசனதானேன்னு சாஞ்சிக்கினேன்."

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் சொட்டிய இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டார். என்னை இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, மகள் பாவாடையில் ஒரு கை மல்லாட்டை கொட்டினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸில் போனோம். தம்பியை மடியில் வாங்கிக்கொண்டு அவள் சிரித்ததை வாசலோரம் நின்றுதான் பார்த்தேன். உடனே உள்ளே போகக் கூச்சமாக இருந்தது.

நம்மேல் சாய்ந்திருக்கிற குழந்தை எதையும் சந்தேகப்படாது, அதன் பங்குக்கும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியவன் அப்பன்தான் என்று, வண்டிச் சாவியை எடுக்கும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.