பச்சைத் தரையும் கழற்றிவிட்ட செருப்பும்

சாரம் பகுதியில், எங்கள் தெருவிலிருந்த நர்சரிப் பள்ளிக்கு முன்பெல்லாம் மண் தரைதான். என் மகள் வீடு திரும்பும்போது பாதித் தரையைச் சட்டையிலேயே கொண்டுவந்துவிடுவாள். துவைத்துத் துவைத்து அலுத்த தாய்மார்களில் நானும் ஒருத்தி. அதனால், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும், சொல்தா என்று நாங்கள் கூப்பிடும் முன்னாள் சிப்பாய் ஒருவர், இறந்துபோன மனைவியின் நினைவாக அங்கே பிளாஸ்டிக் புல்தரை போட்டுக் கொடுத்தபோது எல்லோரும் அவரை வாயார வாழ்த்தினோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்ன?

அப்படியொரு பச்சை. புல்லுக்குள்ளே கறுப்பு ரப்பர் மணிகளைத் தூவியிருந்தார்கள். வெயில் ஏறினால் டயர் கடை வாசம் வரும். முதல் நாள் அதன்மேல் குத்துவிளக்கு ஏற்றித் தேங்காய் உடைத்தோம். விளக்கு வைத்த இடத்தில் யார் செருப்போடு நடப்பார்கள்? யாரும் சட்டம் போடவில்லை. வாசலிலேயே செருப்பை விடுவது தானாக வழக்கமாகிவிட்டது. பிரான்சில் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டுதான் இதில் ஆடுவார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருந்த சொல்தாவும், இங்கே தன் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

பங்குனி மாதம், பள்ளி விடும் மதிய நேரம். அழைத்துவரப் போயிருந்தேன். நாலு வயது மகள் பந்தை எடுக்கத் தரையின் நடுவுக்கு ஓடியவள், அங்கேயே நின்று காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். நிழலில் நின்ற டீச்சர், குழந்தை டான்ஸ் ஆடுகிறது என்று சிரித்தார். என் மகள் முகத்தில் சிரிப்பு இல்லை. செருப்பு வாசலில் கிடந்தது. எந்தப் பக்கம் போனாலும் அந்தத் தரையை மிதித்துத்தான் போகவேண்டும். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"செருப்போட ஏறிட்டீங்களே" என்றார் டீச்சர்.

எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுசாக அடங்கவில்லை. யாரோ பேஸ்ட் தடவக் கொண்டுவந்தார்கள். வேண்டாமென்று தள்ளிவிட்டு, குழாயடியில் அவள் காலை நீட்டிப் பிடித்தேன். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தன. ஆஸ்பத்திரியில், விரலிடுக்கில் ஒட்டியிருந்த கறுப்பு மணிகளைக் கழுவி எடுத்த டாக்டர், இது எதில் செய்தது, வாயில் எதுவும் போட்டுக்கொண்டாளா என்று கேட்டார். பள்ளியில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எதன்மேல் பிள்ளைகளை விட்டோம் என்று தெரியாமலே தினமும் விட்டிருந்தோம்.

சொல்தா வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரான்சுல வெயிலு இப்படி அடிக்காதும்மா. எனக்குத் தோணாம போச்சு" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

இனி ஷூ போட்டுத்தான் ஆடவேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். புண் ஆறியதும் ஒரு காலையில் புது ஷூ மாட்டி அழைத்துப்போனேன். தரையின் விளிம்புக்கு வந்ததும் மகள் குந்தி உட்கார்ந்து வாரை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"போட்டுக்கிட்டே போ, கண்ணு."

"வாணாம்மா. தரை அழுக்காயிடும்."

காலைவிடத் தரை பெரிது என்று நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். பிறகு நாலு தெரு தள்ளி, மண் தரை இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தேன். முதல் நாளே சட்டை நிறைய மண்ணோடு வந்தாள். உட்கார்ந்து துவைத்தேன்.