குளுக்கோஸ் பாட்டிலில் ஒட்டிய மண்டையோடு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘தொடாதே’. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். போகப்போக ஆசிரியர்களே “தொடாதேயைக் கூப்பிடு” என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் வரும். பர்னரைத் தொடாதே, குழாயைத் தொடாதே, சுவரில் பல்லி ஓடினால் அதையும் தொடாதே. கோபக்காரர் இல்லை, பயந்த மனிதர். எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆகிவிட்டால் தன் தலைதான் உருளும் என்று, ஆய்வகச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகம் என்று பெருமையாகச் சொன்னாலும் அது ஒரு நீண்ட அறை, அவ்வளவுதான். கறுப்புக் கல் பதித்த மேசைகள், சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய்கள், கதவோரம் ஒரு மணல் வாளி. தீப்பிடித்தால் அணைக்க வைத்த அந்த மணலில் பிள்ளைகள் பென்சில் சீவிப் போடுவார்கள். சுவரில் எச்சரிக்கைப் படங்கள்: தீநாக்கு, கையை அரிக்கும் துளி, ஆச்சரியக்குறி, கீழே குறுக்காக இரண்டு எலும்பு போட்ட மண்டையோடு. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு வகுப்பையும் அந்தப் படங்களுக்கு முன்னால் நிறுத்தி அவரே விளக்குவார். மண்டையோட்டுக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“இது இருந்தா விஷம். மோந்து பாக்கக் கூடாது, நாக்குல வைக்கக் கூடாது, ஏன்னு கேக்கக் கூடாது.”

பின்னாலிருந்து ஒரு குரல் “ஏன்?” என்று கேட்கும். வகுப்பே சிரிக்கும். அவரும் சிரித்துவிட்டு, அடுத்த வகுப்பிலும் அதே வார்த்தையை அப்படியே சொல்வார். வேண்டுமென்றேதான் சொல்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவரை ஆட்டிப்படைத்தது ஆசிட் இல்லை, குளுக்கோஸ். உணவுப் பரிசோதனைக்காக வாங்கி வைப்பது. வாங்கிய வேகத்தில் பாட்டில் பாதியாகிவிடும். பிள்ளைகள் போகிற போக்கில் உள்ளங்கையில் கொட்டி நக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் தலைமை ஆசிரியர், “என்னங்க, வீட்டுக்குக் காப்பியில போட இங்கேர்ந்துதான் போகுதா?” என்று கேட்டார். கேட்டவர் சிரிக்கவில்லை. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலையே ஒரு வேலை செய்தார். மிச்சமிருந்த மண்டையோட்டு ஒட்டுத்தாள்களில் ஒன்றை எடுத்துக் குளுக்கோஸ் பாட்டிலில், பெயரை மறைத்து, அழுத்தி ஒட்டினார். ஜன்னலோரத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் முதல் ஒரு கைகூட அந்தப் பக்கம் நீளவில்லை. மாதக்கணக்கில் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இவ்வளவு பெரிய சாமர்த்தியத்தை ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தால் எந்த மனிதனுக்கும் மண்டை வெடித்துவிடும். பள்ளியில் சொல்ல வழியில்லை. வீட்டில் சொன்னார். மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் மகள் தட்டை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, அப்போ ஜன்னலோரத்துல இருக்கிற மண்டையோடு டம்மியா?”

“டம்மிதான். வெளியில மூச்சு விடாத.”

அவள் விடவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள், ஆனாலும் அப்பாவின் ரகசியத்தை யாரிடமும் அவிழ்க்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவள் வாயைக் குறை சொல்ல வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அந்த ஆய்வகத்தில் பாட்டில்களின் பெயர்த்தாள்கள் பாதிக்கு மேல் ஆசிட் துளி பட்டு அரித்துப்போயிருந்தன. தொடாதேக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பெயர் பார்த்து எடுக்கிற ஆள் இல்லை அவர், இடம் பார்த்து எடுக்கிற ஆள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் போகும். புதுப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் நினைப்பார், விடுமுறை முடிந்துவிடும்.

செய்முறைத் தேர்வு நெருங்கிய ஒரு காலைப்பொழுது. முதல் பாடவேளைக்காக ஆக்சாலிக் ஆசிட்டை எடை போட்டுக் கரைத்து வைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி இருக்கும், உள்ளே போனால் ஆளைக் கொல்லும். பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டிய பாட்டில். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து உயிரியல் அறையிலிருந்து குளுக்கோஸ் வேண்டும் என்று ஆள் வந்தது. ஜன்னலோரத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து, படம் தெரியாமல் துண்டில் சுற்றிக்கொண்டார். கையிலிருந்த ஆக்சாலிக் பாட்டிலை, வந்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று, காலியான அதே இடத்தில் வைத்தார். அதிலும் பெயர் அரித்துப்போய் மண்டையோடு மட்டும்தான் தெரிந்தது. அது நிஜமான மண்டையோடு.

அவர் உயிரியல் அறைக்குப் போயிருந்த நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்தது மகளின் வகுப்பு. அவளுடைய சிநேகிதி ஒருத்தி, வகுப்பிலேயே உயரமானவள், எல்லோரும் நெட்டை என்பார்கள். இருவரும் பெஞ்சில் இடம் பிடித்த தகராறில் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு அன்று காலைதான் ராசியாகியிருந்தார்கள். நெட்டை காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள். கண் இருட்டுகிறது என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் இன்னும் வரவில்லை. தோழிக்கு ஒன்று என்றால் மகளுக்குக் கை சும்மா இருக்குமா? ஜன்னலோரம் ஓடினாள். மண்டையோட்டு பாட்டிலைத் திறந்து இரண்டு கை அள்ளித் தன் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினாள்.

“என்னடி இது, புளிக்குது.”

“பழசா இருக்கும். மடக்குன்னு குடி, தெம்பா இருக்கும்.”

நெட்டை குடித்தாள். தோழி கொடுத்தது என்று குடித்தாள்.

தொடாதே திரும்பி வந்தபோது அவள் தரையில் மடங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த பாட்டிலைப் பார்த்தார். தலையில் இடி விழுந்தது. அப்போதும் அவர் செய்ய வேண்டியதைச் செய்தார், அதையும் மறைக்கக் கூடாது. ஓடி வந்த டீச்சரிடம், “இது ஆக்சாலிக் ஆசிட் டீச்சர், டாக்டர்கிட்ட பேரைத் தெளிவா சொல்லுங்க” என்று இரண்டு முறை சொன்னார். பிள்ளையைத் தூக்கி டீச்சரின் காரில் படுக்க வைத்தார். மகளும் அழுதுகொண்டே ஏறிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளை வகுப்புக்கு விரட்டினார்கள்.

ஆய்வகத்தில் அவர் மட்டும் நின்றார். கையில் குளுக்கோஸ் பாட்டில். இப்போது தலைமை ஆசிரியர் வருவார், சர்க்கரைக்கு எதற்கு மண்டையோடு என்று கேட்பார். பிள்ளை பிழைத்துக்கொள்ளும், வேலை பிழைக்காது. அவருக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான். குழாயடியில் பாட்டிலைக் காட்டினார். தாள் ஊறியது. நகத்தால் சுரண்டி, உருட்டி, வடிகாலில் விட்டார். ‘குளுக்கோஸ்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டினார். எத்தனையோ விடுமுறைகளில் நடக்காத வேலை ஒரு நொடியில் முடிந்தது.

தலைமை ஆசிரியர் வந்தார். மகள் மருத்துவமனையில் சொன்னது அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“குளுக்கோஸ் பாட்டில்லயும் இந்தப் படம் இருந்துச்சாமே? உங்க பொண்ணு சொல்லுது.”

“இல்லைங்க சார். புள்ள பயத்துல உளறுது.”

நெட்டை பிழைக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

அன்று அவருடைய மனைவி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவரெதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க, புள்ள வேணும்னே குடுத்துட்டான்னு தெருவெல்லாம் பேசுது. சண்டை போட்டிருந்தாங்கல்ல, அதைச் சொல்லிச் சொல்லிப் பேசுறாங்க. வேலை போனா போகுது. போய் உள்ளதைச் சொல்லுங்க.”

“சொல்றேன். விசாரிக்கக் கல்வி அதிகாரி வராராம், அவர் வரட்டும், சொல்றேன்.”

அதிகாரி வருவதற்குள் பள்ளி தன்னை அழகுபடுத்திக்கொண்டது. ஆய்வகத்தின் எல்லா பாட்டில்களுக்கும் பளபளப்பாகப் புதுப் பெயர், புதுப் படம். ஒட்டச் சொன்னது தலைமை ஆசிரியர், ஒட்டியது தொடாதே. மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

விசாரணை தலைமை ஆசிரியர் அறையில் நடந்தது. மேசை மேல் இரண்டு பாட்டில். ஒரு பக்கம் நெட்டையின் அம்மா, மறுபக்கம் இவர்கள். அதிகாரி மகளிடம் மண்டையோட்டைக் காட்டினார்.

“இதுக்கு என்ன அர்த்தம்மா?”

“விஷம் சார்.”

“தெரிஞ்சேவா குடுத்த?”

அவள் பதில் சொல்வதற்குள் தொடாதே எழுந்துவிட்டார். ஒன்றுவிடாமல் சொன்னார். பிள்ளைகள் திருடியது, படம் ஒட்டியது, வீட்டில் சொல்லிச் சிரித்தது, இடம் மாற்றி வைத்தது, தாளைச் சுரண்டியது. சொல்லும்போதே அழுதார். வாழ்க்கையில் அவர் செய்த தைரியமான காரியம் அது ஒன்றுதான். காலம் கடந்து செய்தார்.

“அன்னைக்கு என்கிட்ட இல்லைன்னு சொன்னீங்களே?” என்றார் தலைமை ஆசிரியர்.

“பொய் சொன்னேன் சார்.”

அதிகாரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுத்தாள். எல்லா பாட்டில்களிலும் இருப்பது போன்ற புதுத்தாள். “பெத்தவர் மனசு புரியுதுங்க. பொண்ணுக்காக யாரா இருந்தாலும் இப்படித்தான் சொல்வாங்க. ஆனா நீங்க சொல்றதுக்கு ஒரு ஆதாரம் வேணுமே.”

ஆதாரம் வடிகாலோடு போயிருந்தது. அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் நெட்டையின் அம்மா வாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை. “அன்னைக்குக் காலையிலதாம்மா அவ, ‘அம்மா, நாங்க பேசிட்டோம்’னு போன் பண்ணிச் சொன்னா. அவ்வளவு சந்தோஷமா சொன்னா.”

மகள் எழுந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா என்னைக் காப்பாத்தப் பாக்குறாரு சார். குளுக்கோஸ் பாட்டில்ல படமே கிடையாது. நான்தான் சரியா பாக்காம எடுத்துட்டேன். வேணும்னு குடுக்கல. பாக்கல, அவ்வளவுதான்.”

அதிகாரி தலையாட்டினார். மாணவியின் கவனக்குறைவு என்று முடிவானது. அவளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். ஆய்வக உதவியாளர் மேல் குற்றமில்லை, நாளை முதல் வேலைக்கு வரலாம் என்றார்கள். அவர் “சார், சார்” என்று மறுபடி தொடங்கினார். யாரும் காது கொடுக்கவில்லை.

மூன்று பேரும் தெருவோரமாக நடந்தார்கள். கடைகள் திறந்திருந்தன, மக்கள் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் அவரால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏம்மா அப்படிச் சொன்ன? நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே?”

அவள் அவர் கையைத் தட்டிவிடவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்போ அந்தப் பாட்டிலைப் போய்ப் பாத்தேன்பா. படத்தை எடுத்திருந்தீங்க. நான் என்ன சொல்லணும்னு நீங்க நினைக்கிறீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”