மூன்றாவது பின்

தாராவியில் என் அக்கா வீட்டு கிரைண்டர் ஷாக் அடிக்கும். அந்த வீட்டில் யாரும் அதை ஷாக் என்று சொல்வதில்லை. லேசாகப் பிடிக்கும் என்பார்கள், ஏதோ கைக்குழந்தை செல்லமாகக் கடிப்பதுபோல. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு இட்லி வியாபாரம். தரை எந்நேரமும் ஈரம், கை ஈரம், கால் வெறுங்கால். ரப்பர் செருப்பாவது போட்டுக்கொள் என்றால், மாவு இருக்கிற இடத்தில் செருப்பா என்று என்னைத்தான் அசிங்கமாகப் பார்ப்பாள். ஆயுத பூஜைக்கு அந்தக் கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. ஆனால் அதன் பிளக்கில் மூன்றாவது பின் கிடையாது. சுவரில் இரண்டு ஓட்டைதான் என்று அத்தான் குறடால் ஒடித்துப் போட்டுவிட்டார்.

மோட்டார் ஒயர் கெட்டால் கரண்ட் இரும்பு உடம்புக்குக் கசியும். அதை மண்ணுக்குக் கொண்டுபோய் விடத்தான் அந்தப் பின். அது இல்லாவிட்டால், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற என் அக்காதான் அதற்கு வழி. இது அத்தானுக்கு ஏறவே இல்லை. புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலை செய்தால் போதும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

போன மழையில் ஒருநாள், மாவைத் தள்ளிவிடக் கை வைத்தவளை அது சுவரோரம் தூக்கி எறிந்தது. விரல் நுனி கருத்துவிட்டது. மறுநாளே கட்டுப் போட்ட கையோடு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் செம்பூரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிப் போனேன். எர்த் இழுத்து, மூன்று ஓட்டை பாயின்டும் புது பிளக்கும் போட்டு, கசிவு இருந்தால் தானே கரண்டை நிறுத்திவிடும் ட்ரிப்பர் பெட்டி ஒன்றையும் மாட்டினார். மோட்டாரை உடனே ரிப்பேருக்குக் கொடுங்கள் என்றும் சொன்னார். கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது ட்ரிப்பர் அணைந்து கிடந்தது, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குப் போயிருந்தது. புது பிளக்கிலும் மூன்றாவது பின் இல்லை. அத்தானைத் திட்ட வாயெடுத்தேன்.

"நாந்தாம்ட்டி ஒடிச்சேன்," என்றாள் அக்கா. "அந்த டப்பா சும்மா சும்மா அமந்துபோவுது. மாட்டுங்காவுக்கு இட்லி போவாண்டாமா?"

சும்மா அணையவில்லை, நீ சாகாமல் இருக்கத்தான் அணைகிறது என்றேன்.

"எனக்குப் பழகிட்டுட்டி."

கருத்த விரலை வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படிச் சொல்கிறாள். பிளக்கைப் பிடுங்கினேன். அலமாரியில் கிடந்த அதே குறடை எடுத்து, கிரைண்டரின் அடியோடு ஒயரை வெட்டினேன். பாதி அரைபட்ட மாவு அப்படியே நின்றது.

வேறு வழியில்லாமல் அத்தான் அதைக் குர்லாவுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனார், நானும் கூடவே போனேன். மெக்கானிக் அடிமூடியைக் கழற்றியதும் புளித்த நாற்றம் எங்கள் முகத்தில் அடித்தது. உள்ளே மாவுத்தண்ணீர் வருஷக்கணக்காக இறங்கி, பூசணம் பூத்து, ஒயரின் தோல் கையோடு உரிந்து வந்தது. இப்போது புது மோட்டார். மூன்று பின்னோடு ஓடுகிறது, ட்ரிப்பர் அணைவதே இல்லை.

அன்று மாவைக் கெடுத்தேன் என்று அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். அதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.